சிங்கப்பூர் பி.ஆர். வாங்கிவிட்டு ஆஸ்திரேலியா போவதா? ஒரு பாளையங்கோட்டைக் குடும்பத்தின் கணக்கு

இங்கே வருவது ஆய்வுக்காக அமைத்த மாதிரிக் குடும்பம். ஒரே நிலையில் நிற்கும் பல திருநெல்வேலி வீடுகளின் விவரங்களைச் சேர்த்துக் கட்டியது. விதிகளும் தொகைகளும் மட்டும் உள்ளபடியே இருக்கின்றன.

கணவருக்கு 37 வயது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். ஒன்பது வருடமாகச் சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (உயர்சம்பளப் பணிக்கான வேலை அனுமதி) வேலை, மாதம் 9,400 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். மனைவிக்கு 34. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துப் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடம் இருந்துவிட்டு, சிங்கப்பூரில் பதிவுத் தேர்வு எழுதி எட்டு வருடமாக எஸ் பாஸில் (இடைநிலைப் பணிக்கான வேலை அனுமதி) செவிலியர், மாதம் 4,600 வெள்ளி. மகனுக்கு ஒன்பது வயது. பாளையங்கோட்டையில் பிறந்தவன். நாலு வயது மகள் சிங்கப்பூரில் பிறந்தவள். பிள்ளைகள் இருவருமே தகப்பனாரின் பாஸைச் சார்ந்த டிபென்டன்ட் பாஸில் இருக்கிறார்கள். ஊரில் கணவரின் பெற்றோர், ஒரு வீடு, சேரன்மகாதேவிப் பக்கம் கொஞ்சம் வயல்.

மூன்று நான்கு வருடத்துக்குள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு முன்னால் சிங்கப்பூரில் நிரந்தரவாசம், அதாவது எல்லோரும் சொல்கிற பி.ஆர்., போட்டு வைப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. விடுமுறைக்கு வந்தபோது மாமனார் சொன்னது: “முதல்ல பி.ஆரப் போட்டு வைங்க. கையில ஒண்ணு இருக்கட்டும்லா.” கூட வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரர் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அங்கே விசா வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்தால் மேலப்பாளையமோ தென்காசியோ, நேரே வீடுதான். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத்தான் நடுவில் ஒரு கதவு திறந்திருப்பதுபோலத் தெரிகிறது.

புள்ளியில் அதற்கு இடமில்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். சிங்கப்பூர் பி.ஆர். இருந்தால் ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போவது எளிது என்று பலர் நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவின் திறன் அடிப்படையிலான 189, 190, 491 குடியேற்ற விசாக்களின் புள்ளிப் பட்டியலில் மூன்றாவது நாட்டின் நிரந்தரவாசத்துக்கு ஒரு புள்ளியும் கிடையாது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியிலும் கிடையாது. புள்ளி தருவது சிங்கப்பூரில் பார்த்த வேலை. அதை எம்ப்ளாய்மென்ட் பாஸில் பார்த்தாலும், எஸ் பாஸில் பார்த்தாலும், பி.ஆராக இருந்து பார்த்தாலும் மதிப்பு ஒன்றே.

மனைவியை முதன்மை விண்ணப்பதாரராக வைத்துப் போட்ட கணக்கு இது. 33 முதல் 39 வரை வயதுக்கு 25. பட்டத்துக்கு 15. கடந்த பத்து வருடத்துக்குள் எட்டு வருட வெளிநாட்டு அனுபவத்துக்கு 15. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நான்கு பகுதியிலும் 7 எடுத்தால் 10. கணவர் ஒவ்வொரு பகுதியிலும் 6 எடுத்தாலே 5. அதோடு அவர் தொழில் மதிப்பீட்டையும் முடித்துவிட்டால் 5 அல்ல, 10. ஆக 75. நான்கு பகுதியிலும் 8 எடுத்துவிட்டால் ஆங்கிலத்துக்கு 20 கிடைத்து 85 ஆகிவிடும். மாநிலப் பரிந்துரை பெற்று 190இல் போனால் இன்னும் 5 சேரும். வட்டாரப் பகுதிக்கான 491இல் 15 சேரும். குறைந்தபட்சத் தகுதி 65.

கணவரை முதன்மையாக வைத்தாலும் அதே 75 வருகிறது. ஆனால் 40 வயதைத் தொட்டதும் வயதுப் புள்ளி 25இலிருந்து 15க்கு இறங்கிவிடும். விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பு வரும் நாளில் உள்ள வயதைத்தான் பார்ப்பார்கள். அவருக்கு இருப்பது மூன்று வருடத்துக்கும் குறைவு. மனைவிக்கு ஏறக்குறைய ஆறு. செவிலியர்களுக்குப் பொறியியல் தொழில்களைவிடக் குறைந்த புள்ளியிலேயே அழைப்பு வந்திருக்கிறது. விசா பரிசீலனையிலும் சுகாதாரத் துறைக்கு முன்னுரிமை உண்டு. எனவே மனைவி முதன்மை, கணவர் துணை. நம் வீடுகளில் விண்ணப்பம் என்றாலே ஆண் பெயர்தான் முதல் வரியில் ஏறுகிறது. எத்தனையோ குடும்பங்கள் இந்த இடத்தில்தான் இரண்டு வருடத்தைத் தொலைக்கின்றன.

சிங்கப்பூர் இங்கே வேறொரு வழியில் உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் சுகாதாரத் தொழிலாளர் பதிவு அமைப்பான ஆப்ரா, 2025 ஏப்ரலில் வெளிநாட்டுச் செவிலியர்களுக்கு ஒரு விரைவு வழியைத் திறந்தது. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா முதலான நாடுகளோடு சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அங்கே பதிவு பெற்று, 2017க்குப் பிறகு குறைந்தது 1,800 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். முழுநேரப் பணியில் ஒரு வருடத்துக்குள் தேறுகிற கணக்குதான். திருநெல்வேலியிலிருந்து நேரே விண்ணப்பிக்கும் செவிலியர் கணினித் தேர்வு எழுதி, செய்முறைத் தேர்வுக்கு ஆஸ்திரேலியாவுக்கே போக வேண்டியிருக்கும்போது, இவருக்கு அது மிச்சம். இதற்கும் பி.ஆருக்கும் சம்பந்தமே இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆப்ரா பதிவுக்கு 2025 மார்ச்சிலிருந்து எழுத்துப் பகுதியில் 6.5 இருந்தாலே போதும். குடிநுழைவுப் புள்ளியில் 10 வாங்க எழுத்திலும் 7 வேண்டும். பதிவு கிடைத்துவிட்டது, ஆங்கிலத்தை முடித்தாயிற்று என்று அதே மதிப்பெண் தாளை விசாவுக்கும் நீட்டுகிறவர்கள் உண்டு. அங்கே அந்த 10 பூஜ்யமாகிவிடும்.

மகன்

பி.ஆர். வேண்டுமா என்ற கேள்வியில் முக்கால் பங்கு இந்தப் பையனைப் பற்றியதுதான். பெரியவர்கள் இதைப் பேச்சின் கடைசியில் எடுக்கிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது இது.

வேலைப் பாஸில் இருந்துகொண்டு தன் தகுதியில் பி.ஆர். வாங்கும் கணவருக்குத் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவச் சேவை, கிடையாது. அவர் விண்ணப்பத்தில் சேர்ந்து பி.ஆர். ஆகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, 18 வயதில் சேர்ப்பு, முழுநேரம் இரண்டு வருடம். பிறகு 40 வயது வரை, அதிகாரி ஆனால் 50 வரை, அவ்வப்போது பயிற்சிக்கு அழைப்பு. 13 வயது ஆனதிலிருந்தே மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். 13க்கும் பதினாறரைக்கும் இடைப்பட்ட வயதில் இரண்டு வருடமோ அதற்கு மேலோ வெளியே இருப்பதானால் பிணைத்தொகையும் கட்ட வேண்டும். 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் முந்தைய ஆண்டு மொத்த வருமானத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. இந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,68,000 வெள்ளி, அதில் பாதி 84,000. ஆகப் பிணை 84,000.

“பன்னிரண்டு வயதுக்குள்ள நாமதான் ஆஸ்திரேலியா போயிருவோமே, அவன் பி.ஆரையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துட்டாப் போச்சு” என்பது வழக்கமாக வரும் பதில். திருப்பிக் கொடுக்கத் தடை இல்லை. ஆனால் தேசிய சேவை செய்யாமல் பி.ஆரைத் துறந்த ஆண், பின்னாளில் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது கடுமையாகப் பாதிக்கும் என்று அரசு வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. பெற்றோர் பி.ஆராகத் தொடர்ந்தால் அவர்களுடைய மறுநுழைவு அனுமதிப் (பி.ஆராக வெளிநாடு போய்த் திரும்புவதற்கான அனுமதி) புதுப்பிப்பையும் அது தொடக்கூடும். துறக்காமல், சேவைக்கும் வராமல் இருந்துவிட்டால் அது சேர்ப்புச் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆக, ஒன்பது வயதில் பெற்றோர் போடும் ஒரு கையெழுத்து, இருபத்தைந்து வயதில் அவன் சிங்கப்பூரில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது குறுக்கே வரலாம். சிங்கப்பூரிலேயே வளர்ந்து, அங்கேயே வாழப்போகிற பையனுக்குத் தேசிய சேவை ஒரு பாரம் அல்ல; பல தமிழ்ப் பையன்கள் பெருமையாகச் செய்துவிட்டு வருகிறார்கள். நாலு வருடத்தில் கிளம்பப்போகிற குடும்பத்துக்குத்தான் இது பொருந்தாத கணக்கு. அங்கிருந்து கொஞ்ச காலம் வசதியைப் பெற்றுக்கொண்டு கடமைக்கு முன்னால் கிளம்புவதை அந்த நாடு பொருட்படுத்தாமல் விட்டுவிடும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பணம்

பி.ஆருக்கு ஆதரவாக உண்மையாகவே நிற்பது மத்திய சேம நிதி. பி.ஆர். ஆனதும் கட்டத் தொடங்க வேண்டும். 55 வயதுக்குள் உள்ளவருக்கு முதல் வருடம் ஊழியர் பங்கு 5 சதவீதம், முதலாளி பங்கு 4. இரண்டாம் வருடம் 15, 9. மூன்றாம் வருடத்திலிருந்து 20, 17. கணக்கில் எடுக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 2026 ஜனவரியிலிருந்து 8,000 வெள்ளி.

கணவர் பி.ஆர். ஆனால் முதல் இரண்டு வருடத்தில் அவர் சம்பளத்திலிருந்து 19,200 வெள்ளி போகும். முதலாளி 12,480 போடுவார். மனைவி ஆனால் 11,040 போகும்; முதலாளி 7,176 போடுவார். பி.ஆரைத் துறந்து, சிங்கப்பூரை விட்டும் மேற்கு மலேசியாவை விட்டும் நிரந்தரமாக வெளியேறும்போது முழுத் தொகையையும் வட்டியோடு எடுத்துக்கொள்ளலாம். முதலாளி பங்கு மிச்சம்தான். ஆனால் கைக்கு வரும் சம்பளம் இரண்டாம் வருடத்தில் சட்டென்று இறங்கும். கணவருக்கு மாதம் 1,200 வெள்ளி குறையும். ஊருக்கு அனுப்பும் பணமும் ஆஸ்திரேலியச் செலவும் அதே வருடத்தில்தான் வந்து நிற்கும். நான்கு பேருக்கும் 189 விசாக் கட்டணம் 2025-26 விகிதப்படி சுமார் 9,800 ஆஸ்திரேலிய டாலர். தேர்வு, மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை இதற்கு வெளியே.

வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கலாமே என்ற ஆசை இந்தக் காலக்கெடுவுக்குள் நடக்காது. இருவருமே பி.ஆராகி மூன்று வருடம் ஆன பிறகுதான் மறுவிற்பனை வீடு வாங்க முடியும். வாங்கியபின் ஐந்து வருடம் குடியிருந்தாக வேண்டும். பி.ஆர். உரிமையாளர் முழு வீட்டையும் வாடகைக்கு விடவும் முடியாது. எட்டு வருடக் கணக்கை நாலு வருடத் திட்டத்துக்குள் அடைக்க வழியில்லை.

கணவரின் பாஸ் எவ்வளவு உறுதி?

மகனையும் பணத்தையும் மட்டும் பார்த்தால் பி.ஆர். வேண்டாம் என்று முடித்துவிடலாம். ஆனால் இந்தக் குடும்பம் ஒரே தூணில் நிற்கிறது. அதைப் பார்க்காமல் முடிவெடுத்தால் அது அரைகுறை ஆய்வு.

எம்ப்ளாய்மென்ட் பாஸின் தகுதிச் சம்பளம் வயதோடு ஏறுகிறது. 2025 ஜனவரி நிலவரப்படி, நிதித்துறை தவிர்த்த துறைகளில் 23 வயதுக்கு 5,600 வெள்ளியில் தொடங்கி, 45 வயதில் 10,700. வயது ஒன்று கூடினால் தொகை சுமார் 230 வெள்ளி கூடும். 37 வயதில் ஏறக்குறைய 8,850, 39இல் 9,300, 41இல் 9,770. கணவரின் பாஸ் 39 வயதில் புதுப்பிப்புக்கு வருகிறது. சம்பளம் 9,400இலேயே நின்றால் நூலிழையில் தப்பிப்பார். அதற்குள் அரசு வரம்பை ஏற்றினால் அதுவும் இல்லை. இதற்கு மேல், பாஸ் தருவதற்கான காம்பஸ் என்ற புள்ளி மதிப்பீட்டில் 40 புள்ளி எடுக்க வேண்டும். அதில் நிறுவனத்தில் எத்தனை நாட்டவர் வேலை செய்கிறார்கள் என்பதும் ஒரு கூறு. அந்தப் புள்ளி அவர் கையில் இல்லை.

வேலை போனால் பாஸ் ரத்தாகும். சாதாரணமாக 30 நாள் தங்கலாம். அதோடு பிள்ளைகளின் டிபென்டன்ட் பாஸும் போகும். மனைவியின் எஸ் பாஸில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள மாதம் 6,000 வெள்ளியாவது சம்பளம் வேண்டும், அவருக்கு 4,600. அம்மா சிங்கப்பூரிலும், பிள்ளைகள் தாத்தா ஆச்சியோடு பாளையங்கோட்டையிலும் என்று பள்ளி நடுவருடத்தில் பிரிய நேரிடும். ஆஸ்திரேலிய விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இது நடந்தால் அந்த விண்ணப்பம் ரத்தாகாது. ஆனால் வீடு கலைந்துபோகும்.

மாமனார் சொன்ன “கையில ஒண்ணு இருக்கட்டும்” என்பதற்கு இங்கே நியாயம் இருக்கிறது. யார் கையில் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

மனைவி மட்டும்

எஸ் பாஸில் இருப்பவரும் தன் தகுதியில் பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். கணவரையும் பிள்ளைகளையும் சேர்ப்பதா என்பது விண்ணப்பிப்பவரின் முடிவு. மனைவி மட்டும் தனியாகப் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

பிள்ளைகள் தகப்பனாரின் பாஸைச் சார்ந்து இப்போது இருப்பதுபோலவே இருப்பார்கள். மகன் பி.ஆர். இல்லை, அதனால் தேசிய சேவைப் பொறுப்பும் இல்லை. மனைவிக்கு அது எப்போதும் இல்லை. கணவரின் வேலை போய்விட்டால், பி.ஆரான மனைவி கணவருக்கும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது தானாகக் கிடைப்பதல்ல, பரிசீலித்துத் தருவது. கிடைத்தாலும் கணவர் வேலை பார்க்க அது மட்டும் போதாது. மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதமோ புதிதாக ஒரு வேலைப் பாஸோ வேண்டும். ஆனாலும் 30 நாளில் மூட்டை கட்ட வேண்டிய நிலை வராது.

இன்னொன்றும் உண்டு. எஸ் பாஸ் ஊழியருக்காக முதலாளி மாதம் 650 வெள்ளி தீர்வை கட்டுகிறார். பி.ஆர். ஆனால் அது நின்றுபோகும். வருடத்துக்கு 7,800 வெள்ளி மிச்சம் என்பதைச் சம்பளப் பேச்சில் எடுத்துவைக்க வேண்டும். முதல் இரண்டு வருடமும் முதலாளி போடவேண்டிய சேமநிதிப் பங்கு அதைவிடக் குறைவு.

இருவரும் பி.ஆர். ஆகிப் பிள்ளைகளை மட்டும் வெளியே விடுவது இதைவிட மோசமான வழி. பாஸ் வைத்திருக்கும் பெற்றோரே இல்லாததால் டிபென்டன்ட் பாஸ் போய்விடும். இரண்டு பிள்ளைக்கும் வேறு அனுமதி தேட வேண்டும்.

தனியாகப் போட்டால் கிடைக்குமா? குடிநுழைவு ஆணையம் அளவுகோல்களை எடை போட்டுச் சொல்வதுமில்லை, மறுத்தால் காரணம் கூறுவதுமில்லை. குடும்பமாக வேர்விடும் எண்ணம் இருக்கிறதா என்பதை அது பார்க்கிறது என்பது மட்டும் தெரிந்தது. எனவே தனி விண்ணப்பத்துக்கு வாய்ப்பு சற்றுக் குறைவு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இழப்பு 100 வெள்ளி கட்டணமும் ஆறு மாதக் காத்திருப்பும். அந்த ஆறு மாதத்தில் ஆஸ்திரேலிய வேலை எதுவும் நிற்கப்போவதில்லை. இரண்டு விண்ணப்பமும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. ஆஸ்திரேலிய விண்ணப்பம் போட்டபின் சிங்கப்பூர் நிலை மாறினால், சூழ்நிலை மாற்றமாக அவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் விடுமுறையில் முடிக்க வேண்டியவை

காகிதங்களில் பாதி திருநெல்வேலியில் கிடக்கின்றன. இதைச் சிங்கப்பூரிலிருந்து போனில் முடிக்கப் பார்த்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

மகனின் பிறப்புச் சான்று மாநகராட்சிப் பதிவில் இருக்கும். இணையத்திலேயே எடுக்கலாம். ஆனால் பிறந்த வாரத்தில் மருத்துவமனை பதிந்தது அப்படியே நின்று, பெயர்க் கட்டம் காலியாக இருப்பது நம் பக்கம் சாதாரணம். பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஏறிவிட்டதால் யாருக்கும் உறைப்பதில்லை. பெயரைப் பதிந்து புதுச் சான்று வாங்க வேண்டும். பெற்றோர் பெயர் எழுத்துக்கு எழுத்துத் தங்கள் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கிறதா என்பதை அப்போதே பார்த்துவிட வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒற்றை முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் தகப்பனாரின் முழுப்பெயர், செவிலியர் மன்றப் பதிவில் கணவர் பெயர் என்று மூன்றாக இருந்தால், மூன்றும் ஒருவரே என்ற உறுதிமொழி ஆவணத்தை நோட்டரி முன் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

திருமணப் பதிவு இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அழைப்பிதழும் ஆல்பமும் போதும் என்று பத்து வருடம் ஓட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். அது தாண்டியவர்கள் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் சார்பதிவாளரிடம் பதியலாம். இருவரும் நேரில் நிற்க வேண்டும், சாட்சிகள் வேண்டும். எனவே ஒரே விடுமுறையில் இருவரும் வருவது முக்கியம். கோயிலிலோ மண்டபத்திலோ நடந்ததற்கான ரசீது வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுத்து வைக்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சபைப் பதிவேட்டின் நகல் இருக்கும். அந்த வகையில் அவர்களுக்கு வேலை குறைவு.

மனைவியின் படிப்புக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் விவரமும், கல்லூரி தரும் பாட, செய்முறை மணிநேரக் கணக்கும் வேண்டும். தமிழ்நாடு செவிலியர் மன்றத்திலிருந்தும் சிங்கப்பூர் மன்றத்திலிருந்தும் நன்னிலைச் சான்று தனித்தனியே போக வேண்டும். பாளையங்கோட்டை மருத்துவமனையில் பார்த்த மூன்று வருடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சம்பளம் கையில் ரொக்கமாகக் கொடுத்த இடம் என்றால், அனுபவக் கடிதம் மட்டுமே இருக்கும். சம்பளச் சீட்டோ வங்கிப் பதிவோ வைப்பு நிதியோ இருக்காது. அதைப் புள்ளிக்குக் கோரவே கூடாது. சிங்கப்பூரின் எட்டு வருடம் மட்டுமே 15 புள்ளி தருகிறது. உண்மைதானே என்று கூடுதலாகக் கோரி, அழைப்பு வந்தபின் நிரூபிக்க முடியாமல் போனால் விசா மறுப்பில் முடியும், கட்டணமும் திரும்பாது.

கணவரின் தொழில் மதிப்பீடு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவிடம். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் சேர்ந்ததால் நேரே ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தம் குறிப்பிட்ட வகை அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்; இணைப்புக் கல்லூரிப் படிப்புகள் பெரும்பாலும் அதில் வருவதில்லை. எனவே சி.டி.ஆர். எழுத வேண்டும். அதாவது தான் செய்த மூன்று பொறியியல் பணிகளைப் பற்றி, ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொல்லில், “நான் இதைச் செய்தேன்” என்ற நடையில் மூன்று கட்டுரை. இதை எழுதித் தருகிறோம் என்று விற்பவர்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும் இருக்கிறார்கள், இணையத்திலும் இருக்கிறார்கள். ஒரே கட்டுரை பல பெயரில் போய்ச் சிக்குகிறது. நகல் என்று கண்டால் விண்ணப்பத்தை மறுப்பதோடு, குறைந்தது ஓராண்டாவது மறுபடி போடவிடாமல் தடுக்கிறார்கள். 39 வயதுக்காரருக்கு ஓராண்டு என்ன விலை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏஜென்ட் வைப்பதானால் ஆஸ்திரேலியப் பதிவு எண் கேட்டு, அந்நாட்டின் குடிநுழைவு முகவர் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குள் ஆலோசனை தரத்தான் பதிவு கட்டாயம். இங்கே பலகை மாட்டியிருப்பவரை அந்தச் சட்டம் எட்டாது.

காவல்துறைச் சான்று, கடந்த பத்து வருடத்தில் மொத்தம் 12 மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும்: இந்தியா, சிங்கப்பூர். இந்தியச் சான்றைச் சிங்கப்பூரில் தூதரகம் வழியே போடலாம். ஆனால் விசாரணை பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குப் போகும். அந்த வீட்டை விற்றுவிட்டு கே.டி.சி. நகரில் கட்டிக் குடிபோனவர்கள் பாஸ்போர்ட் முகவரியை முதலில் மாற்ற வேண்டும். இந்தச் சான்றுகளை முந்திக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. 12 மாதக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். முதல் நுழைவுக்கான கடைசித் தேதியும் பெரும்பாலும் அதையும் மருத்துவப் பரிசோதனைத் தேதியையும் ஒட்டியே வரும்.

எடுத்த முடிவு

மனைவியை முதன்மையாக வைத்து ஆஸ்திரேலிய வேலையை உடனே தொடங்குவது. சிங்கப்பூரில் மனைவி மட்டும் தனியாகப் பி.ஆருக்கு விண்ணப்பிப்பது. கணவர் பாஸிலேயே தொடர்வது. மகன் பெயரை எந்தச் சிங்கப்பூர் பி.ஆர். விண்ணப்பத்திலும் சேர்க்காமல் இருப்பது. பி.ஆர். கிடைத்தபின் “இப்ப அவனையும் போட்டிரலாமே” என்ற பேச்சு கட்டாயம் எழும். அதற்கான பதிலை இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பிள்ளையும் மகள்களாக இருந்தால் எங்கள் யோசனை நேர் எதிராக இருந்திருக்கும். நால்வரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். வாய்ப்பும் கூடும், கிளம்பும்போது சேமநிதியும் கையில் வரும். மகனுக்குப் பதினைந்து வயது என்றால் கதை வேறு. அப்போது பி.ஆர். பேச்சையே எடுக்காமல் ஆஸ்திரேலியாவை மட்டும் பார்க்க வேண்டும்.

பெற்றோரைப் பற்றிய கேள்வி இந்த முடிவுக்குள் அடங்கவில்லை. திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரச் சொச்சத்தில் சிங்கப்பூர். ஆஸ்திரேலியாவுக்கு நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும். அங்கே பெற்றோருக்கான நிரந்தர விசாவுக்கு வரிசை பல வருடம். கட்டணம் செலுத்தும் வகையில் தலைக்கு 40,000 டாலருக்கு மேல். வயலைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாகப் பெறலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும்.

ஆஸ்திரேலிய விசா வந்ததும் உடனே மூட்டை கட்ட வேண்டியதில்லை. குறித்த தேதிக்குள் ஒருமுறை நால்வரும் போய் இறங்கிவிட்டுத் திரும்பலாம். 189, 190 விசாவில் போய்வரும் உரிமை ஐந்து வருடம். அதற்குப் பிறகு திரும்பும் உரிமையை எளிதாக நீட்டிக்க, அந்த ஐந்தில் இரண்டு வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும். எனவே முதல் மூன்று வருடத்துக்குள் குடிபோய்விட வேண்டும்.

கிளம்பும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் வேலையை விடுவதாக அறிவிக்க வேண்டும். முதலாளி ஐ.ஆர். 21 படிவத்தில் வரிக் கணக்கைத் தாக்கல் செய்வார். கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தையும் விடுப்புப் பணத்தையும் பிடித்து வைப்பார். அந்த ஒன்றிரண்டு மாதத்துக்குக் கையில் காசு வேண்டும். கடைசி வேலைநாள் முடிந்தபின்தான் மனைவி பி.ஆரைத் துறக்க வேண்டும். துறந்த நொடியிலிருந்து வேலை பார்க்க உரிமை இல்லை. பிறகு சேமநிதி விண்ணப்பம். துறக்காமல் அப்படியே போய்விட்டால் சேமநிதி முடங்கிக் கிடக்கும். மறுநுழைவு அனுமதி வெளிநாட்டில் இருக்கும்போது காலாவதியானால், 2025 டிசம்பர் 1 முதல் உள்ள விதிப்படி 180 நாளுக்குள் புதுப்பிக்க விண்ணப்பிக்காவிட்டால் பி.ஆர். தானே போய்விடும்.

மறுபரிசீலனைக்கு ஒரு தேதியும் குறித்திருக்கிறார்கள்: கணவரின் பாஸ் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பு. அதற்குள் அழைப்பு வரவில்லை என்றால் 491 வழியாக வட்டாரப் பகுதிக்குப் போவதா என்று முடிவெடுக்க வேண்டும். அது முதலில் தற்காலிக விசா. மூன்று வருடம் வட்டாரப் பகுதியில் இருந்து, வருமான வரிக் கணக்குக் காட்டி, பிறகு 191 என்ற நிரந்தர விசாவுக்கு மாற வேண்டும். செவிலியருக்கு வட்டார மருத்துவமனைகளில் வேலை கிடைக்கும். மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு அந்த ஊரில் என்ன வேலை இருக்கிறது என்பதை மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.